வியன்னா குளிருக்கு எந்தக் கோட்டு: கம்பளியா, டவுன் ஜாக்கெட்டா, பார்க்காவா?

டிசம்பர் கடைசியில் வியன்னா போவதாக வைத்துக்கொள்வோம். விசா வந்தாயிற்று, டிக்கெட்டும் ஹோட்டலும் ஆயிற்று. மிச்சம் இருப்பது பெட்டி. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ கிளம்புகிறவர்கள் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் செய்வது இதுதான்: வீட்டில் கிடக்கும் ஸ்வெட்டர்களை எல்லாம் திரட்டி, தடிமனான தெர்மல் இரண்டு ஜோடி வாங்கி, அதற்கு மேல் ஏதாவது ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொள்வது. குளிர் என்னவோ தாங்கிவிடும். ஆனால் மியூசியத்துக்குள் போன பத்தாவது நிமிடம் முதுகில் வியர்வை ஓடும். எடுத்த போட்டோ அத்தனையிலும் ஒரே ஜாக்கெட் இருக்கும், அதுவும் அளவு பொருந்தாத ஜாக்கெட்.

காசை எதில் போடுவது என்பதுதான் கேள்வி. உள்ளே பல அடுக்கா, வெளியே ஒரு நல்ல கோட்டா? கோட்டு என்றால் கம்பளியா, வாத்து இறகு அடைத்த டவுன் ஜாக்கெட்டா, மழைக்கும் தாங்கும் பார்க்காவா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியன்னா மாதிரி ஊருக்குச் சூட்டின் பெரும்பங்கு வெளி அடுக்கில் இருக்க வேண்டும். உள்ளே முடிந்தவரை மெல்லிசாக இருக்க வேண்டும். காரணம் அந்த ஊர்க் குளிரின் குணத்தில் இருக்கிறது.

வெளியே 2 டிகிரி, உள்ளே 22

ஜனவரியில் வியன்னாவில் பகலில் 3, 4 டிகிரி இருக்கும். இரவில் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே போகும். குளிர் அலை வந்தால் மைனஸ் 10 பக்கம் இறங்குவதும் உண்டு. வெள்ளை வெளேரென்ற பனியை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குப் பல நாள் கிடைப்பது சாம்பல் வானமும் விட்டுவிட்டுப் பெய்யும் தூறலும்தான். டிசம்பர் நடுவில் சாயங்காலம் 4 மணிக்கே சூரியன் போய்விடும். அப்புறம் காற்று. வியன்னா காற்றுக்குப் பேர்போன ஊர். பூஜ்ய டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 6 மாதிரி இருக்கும். கம்பளி நூலில் தடிமனாகப் பின்னிய ஸ்வெட்டர் பார்க்க எவ்வளவு சூடாகத் தெரிந்தாலும், இந்தக் காற்று பின்னலின் கண்ணிகளுக்குள் புகுந்து வந்துவிடும்.

உள்ளே வேறு உலகம். ஹோட்டல், கடை, மியூசியம், காபி ஹவுஸ் எல்லா இடத்திலும் ஹீட்டர் ஓடும். டிராமும் சுரங்க ரயிலும்கூடக் கதகதப்பாக இருக்கும். ஒரு நாளை மனதில் ஓட்டிப் பாருங்கள். காலையில் டிராம், பிறகு குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் மியூசியம், ரிங் சாலையில் ஒரு நடை, ஒரு காபி ஹவுஸ், ஷான்புரூன் அரண்மனை, இருட்டியதும் ராட்ஹவுஸ் என்கிற நகர மண்டபத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸ் சந்தை, ராத்திரி ஒரு கச்சேரி. குளிருக்கும் சூட்டுக்கும் இடையே பத்து தடவைக்கு மேல் மாறுகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் கழற்ற முடிந்தது கோட்டு, மஃப்ளர், குல்லா, கையுறை மட்டும்தான். உள்ளே போட்ட தடித் தெர்மலைக் காபி ஹவுஸ் நடுவில் யாரும் கழற்ற முடியாது. வியர்த்து ஈரமான உடம்போடு திரும்ப வெளியே வந்தால், காலையில் தெரியாத குளிர் அப்போது தெரியும்.

இதே கணக்கை டெல்லிக்குப் போட்டால் விடை தலைகீழ். ஜனவரி டெல்லியில் விடியற்காலை 6, 7 டிகிரி. வெறும் எண்ணாகப் பார்த்தால் வியன்னாவுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. ஆனால் வீடுகளில் மைய ஹீட்டிங் கிடையாது. தெருவில் இருக்கும் குளிர் கட்டில் வரைக்கும் கூடவே வரும். அங்கே தெர்மலும் ஸ்வெட்டரும் நாள் முழுக்க உடம்பில் இருக்க வேண்டும். வெயில் அடிக்கும் மதியத்தில் பெரிய கோட்டு வெறும் சுமை. டெல்லிக் குளிரைச் சமாளித்த தெம்பில் அதே பெட்டியை ஐரோப்பாவுக்கும் கட்டுகிறவர்கள் திணறுவது இதனால்தான்.

கம்பளிக் கோட்டு

வியன்னாத் தெருவில், முக்கியமாக வயதான உள்ளூர்க்காரர்கள் போட்டிருப்பது இதைத்தான். முழங்காலைத் தொடும் நீளம், கறுப்பு அல்லது கருநீலம் அல்லது ஒட்டக நிறம். ஆஸ்திரியாவுக்கே உரிய லோடன் என்றொரு துணி உண்டு. கம்பளியை நெய்து, பிறகு ஈரத்தில் அடித்துச் சுருக்கி, இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்படி இறுக்குவார்கள். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் மழையிலும் காற்றிலும் வேலை செய்யப் போட்ட துணி அது. காற்று எளிதில் புகாது, லேசான தூறல் மேலேயே முத்தாக நின்றுவிடும். கரும்பச்சை லோடன் கோட்டு போட்ட ஒரு பெரியவர் பக்கத்தில் நடந்தால், நாம் போட்டிருக்கும் எதுவும் கொஞ்சம் சோபை குறைந்துதான் தெரியும். விலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

லோடன் இல்லாவிட்டாலும் நல்ல கம்பளிக் கோட்டு இந்த ஊருக்கு நன்றாகவே ஒத்துவரும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்போதும் சூட்டை முழுதாக விட்டுவிடாது. தூறலில் கால் மணி நேரம் நடந்து டிராமில் ஏறினால், இறங்குவதற்குள் பாதி காய்ந்திருக்கும். கசங்காது. கச்சேரிக்கும் போடலாம், காய்கறிச் சந்தைக்கும் போடலாம்.

ஆனால் கம்பளிக் கோட்டு என்ற பெயரில் விற்பதில் நிறைய ஏமாற்று உண்டு. லேபிளைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 70 சதவீதத்துக்கு மேல் கம்பளி இருந்தால் சரி. 30 சதவீதம் கம்பளி, மிச்சம் பாலியஸ்டர் என்றால் அது போட்டோவுக்கான கோட்டு. துணியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்; வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் காற்றும் அந்த வழியே வரும். பின்பக்கப் பிளவு இடுப்பு வரை நீண்டிருந்தால் வேண்டாம். காலரைத் தூக்கினால் காது மடலைத் தொட வேண்டும், மேல் பொத்தான் கழுத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளே ஆணியில் மாட்டுகிற வளையம் உறுதியாக இருக்கிறதா என்றும் இழுத்துப் பாருங்கள். அற்பமான விஷயமாகத் தோன்றும். வியன்னாக் காபி ஹவுஸ்களில் கோட்டு ஸ்டாண்டும், ஓபராவிலும் நாடக அரங்குகளிலும் கார்டரோப் என்கிற கோட்டு காப்பறையும் இருக்கும். கோட்டைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகச் சொல்வார்கள். ஒரு நாளைக்குப் பல தடவை அந்த வளையத்தில்தான் இரண்டு கிலோ தொங்கப் போகிறது.

ஆமாம், இரண்டு கிலோ. நீளமான கம்பளிக் கோட்டின் குறை அதன் எடை. பெட்டியில் வைத்தால் விமானத்தில் அனுமதிக்கும் 23 கிலோவில் ஒரு நல்ல பங்கைத் தின்றுவிடும். கையில் பிடித்துக்கொண்டு மீனம்பாக்கத்தில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இன்னொரு குறை, கனமழையில் நனைந்தால் காய ஒரு நாள் ஆகும். மைனஸ் 5க்குக் கீழே போனால் அது மட்டும் போதாது.

டவுன் ஜாக்கெட்

1922 எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற மலையேறி பலூன் துணியில் வாத்து இறகு அடைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். அமெரிக்காவில் எடி பாவர் 1940இல் தன் டவுன் ஜாக்கெட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து இன்றுவரை எடைக்கு எடை இதை மிஞ்சிய சூடு வேறு எதுவும் இல்லை. அரை கிலோ ஜாக்கெட் மைனஸ் 5இல் உங்களைக் கதகதப்பாக வைத்திருக்கும். சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுக்கு வந்துவிடும். முதல் தடவை குளிர் நாட்டுக்குப் போகிறவருக்கு இதைவிடப் பயமில்லாத தேர்வு கிடையாது.

வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் ஃபில் பவர். இறகு எவ்வளவு உப்பிக் காற்றைப் பிடித்துவைக்கிறது என்பதன் அளவு அது. நகரத்துக்கு 550, 600 தாராளம். 800 எல்லாம் மலை ஏறுகிறவர்களுக்கு. டவுனின் எதிரி ஈரம். நனைந்தால் இறகு கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும், சூடு போய்விடும். வெளித்துணியில் நீர் ஒட்டாத பூச்சு இருந்தால் தூறலைத் தாங்கும், அடைமழையைத் தாங்காது. முதுகுப்பை மாட்டுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: பட்டை அழுத்தும் தோளில் இறகு நசுங்கி, அந்த இடம் மட்டும் சில்லென்று இருக்கும். இறகே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குப் பாலியஸ்டர் பஞ்சு அடைத்த ஜாக்கெட்டுகள் நிறையக் கிடைக்கின்றன. எடை கொஞ்சம் கூடும், நனைந்தாலும் சூடு தரும்.

ஸ்டைல் விஷயத்தில் டவுனைக் குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் தப்பான டவுனைப் பார்த்தவர்கள். பளபளக்கும் துணி, இடுப்போடு நிற்கும் நீளம், அகலமான உப்பல்கள் மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் எடுக்காது. குட்டையாகவும் அகலமாகவும் காட்டும். மேட் துணி, நெருக்கமான தையல், தொடையின் பாதி வரையாவது நீளம் என்று தேடினால் கதை மாறும். நீளம் அழகுக்கு மட்டும் இல்லை. டிராம் நிறுத்தத்து இரும்பு பெஞ்சில் உட்காரும்போது அதன் அருமை புரியும்.

பார்க்கா

இதற்கு நீட்டி முழக்கத் தேவையில்லை. தொப்பி வைத்த, மழை புகாத, உள்ளே பஞ்சு அடைத்த நீளக் கோட்டு. பல மாடல்களில் பைகள் ஜிப்போடு வரும். நகரத்துக்குள் மட்டும் சுற்றுவதற்கு இது தேவைக்கு அதிகம்; சூடான கடைக்குள் நுழைந்தால் உரசி உரசிச் சத்தம் போடும், தூக்கிக்கொண்டு நடக்கவும் தொல்லை. வியன்னாவோடு சேர்த்து ஹால்ஷ்டாட் பக்கமோ, பனி விழுந்த வேறு மலை ஊர்களுக்கோ போவதாக இருந்தால் பார்க்காவை யோசிக்கலாம். குழந்தைகளுக்குக் கேள்வியே இல்லை, பார்க்காதான். பனியைப் பார்த்த குழந்தை அதில் படுக்காமல் வராது.

நான் எதை எடுப்பேன்

நகரம், மியூசியம், கச்சேரி, காபி ஹவுஸ் என்று போகிற பயணத்துக்குத் தாராளமான அளவில் ஒரு கம்பளிக் கோட்டு. அதற்குள் மாட்டிக்கொள்ள, காலர் இல்லாத மெல்லிய டவுன் உள்ஜாக்கெட் ஒன்று. 4 டிகிரி நாளில் கோட்டு மட்டும் போதும். மைனஸில் இறங்கினால் உள்ஜாக்கெட்டையும் போட்டுக்கொள்ளலாம். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது, காலர் இல்லாததால் மஃப்ளருக்குக் கீழே எட்டிப் பார்க்காது. கடைக்குள் வந்தால் கோட்டின் கைக்குள் உள்ஜாக்கெட்டின் கை நுழைந்தபடியே இரண்டையும் ஒன்றாகக் கழற்றி ஒரே ஆணியில் மாட்டிவிடலாம். மழை என்றால் ஒரு மடக்குக் குடை. கோட்டு வாங்கும்போது உள்ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். கையை முன்னால் நீட்டினால் முதுகில் இழுக்கக் கூடாது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? இனி குளிர் ஊருக்குப் போவது சந்தேகம்தான் என்பவர் தொடை வரை நீளமான டவுன் ஜாக்கெட் வாங்கலாம். பிறகு அது ஊட்டிக்கும் உதவும், சிம்லாவுக்கும் உதவும். மகன், மகள் வெளிநாட்டில் இருந்து அடிக்கடி போய்வர வேண்டியிருக்கும் பெற்றோருக்குக் கம்பளிக் கோட்டு. பத்து வருடம் போட்டாலும் பழசாகத் தெரியாத உடை அது ஒன்றுதான். ஆண்களில் சிலர் ஆபீஸ் பிளேசரையே கோட்டாக நினைத்துக்கொண்டு கிளம்புவார்கள். பிளேசர் உள்ளே போடுவது. அதற்கு மேல் போடும் கோட்டு பிளேசரின் ஓரத்தை முழுசாக மறைக்க வேண்டும். கீழே இரண்டு அங்குலம் எட்டிப் பார்த்தால் இரவல் உடை மாதிரி இருக்கும்.

உள் அடுக்கு

வெளியே காசைப் போட்டாயிற்று, உள்ளே சிக்கனம் பிடிக்கலாம். வழக்கமான பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும். மெரினோ கம்பளியா, பாலியஸ்டர் தெர்மலா என்பதுதான் போட்டி. மெரினோ இழை மெல்லிசு, சாதாரணக் கம்பளி மாதிரி குத்தாது. மூன்று நாள் போட்டாலும் வாடை வராது. அதனால் ஒரு வாரத்துக்கு இரண்டு போதும். விலைதான் பல மடங்கு. பாலியஸ்டர் மலிவு, ராத்திரி துவைத்து ரேடியேட்டர் பக்கத்தில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும், ஆனால் இரண்டாம் நாளே வாடை காட்டிக்கொடுத்துவிடும். என் யோசனை: மேலுக்கு மெல்லிய மெரினோ, காலுக்கு மெல்லிய பாலியஸ்டர். இரண்டிலும் மெல்லிசு என்பதுதான் முக்கியம். உள்பக்கம் ரோமம் வைத்த தடித் தெர்மல் வியன்னாவில் உங்களைப் புழுங்க வைக்கும்.

அதற்கு மேல் கழுத்தை மூடும் மெல்லிய பின்னல் ஸ்வெட்டர். கோட்டைக் கழற்றியதும் கண்ணில் படுவது இதுதான் என்பதால் நிறத்தில் இங்கே விளையாடலாம். குளிர்கால ஐரோப்பாவில் தெருவே கறுப்பும் சாம்பலுமாக இருக்கும். நம் தோல் நிறத்துக்கு மரூன், கடுகு மஞ்சள், மயில் நீலம், பாட்டில் பச்சை எல்லாம் அங்கே தனியாக எடுத்துக் காட்டும். வெளிர் சாம்பலும் வெளிர் பழுப்பும் அந்த மங்கிய வெளிச்சத்தில் முகத்தைச் சோர்வாக்கும். வெளியே எடுக்கும் போட்டோக்களில் கோட்டும் மஃப்ளரும் மட்டும்தான் தெரியும். அதனால் ஐந்து ஸ்வெட்டர் எடுத்துப் போவதைவிட மூன்று மஃப்ளர் எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

ஜீன்ஸ் போடலாமா? மெல்லிய தெர்மலோடு போடலாம், நனையாத வரை. நனைந்த டெனிம் சாயங்காலம் வரை காயாது. கார்டுராய் அல்லது கம்பளி கலந்த பேன்ட் அதைவிடச் சூடு, பார்க்கவும் ஒரு படி மேல்.

புடவை கட்டுகிறவர்களுக்கு

அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது இது. பேன்ட் போடச் சொல்லி வற்புறுத்துவதா, புடவையிலேயே சமாளிப்பதா? சமாளிக்கலாம், நன்றாகவே சமாளிக்கலாம். பழக்கமில்லாத பேன்ட்டில் கூச்சத்தோடு நடப்பதைவிட, பழகிய புடவையில் நிமிர்ந்து நடக்கிறவர்தான் அழகாகவும் இருப்பார்.

பருத்திப் பாவாடைக்குப் பதிலாகக் கதகதப்பான லெக்கிங்ஸ், அதற்கு மேல் வழுவழுப்பான பாவாடை. புடவையில் பருத்தி வேண்டாம், ஷிஃபானும் வேண்டாம். கனமான க்ரேப், ரா சில்க் இரண்டும் சரிவரும். காஞ்சிபுரம் பட்டு சூடுதான், ஆனால் விறைப்பான கொசுவம் கோட்டுக்குள் அடங்காது. கச்சேரி ராத்திரிக்கு ஒன்று இருக்கட்டும். ரவிக்கைக்குப் பதில் கழுத்தை மூடும் மெரினோ ஸ்வெட்டரையே ரவிக்கையாகப் போடுவது இப்போது இளம் பெண்கள் ஸ்டைலுக்காகச் செய்வது. குளிருக்கும் அதைவிட நல்ல வழி இல்லை. முந்தானையைச் சுருட்டிக் கோட்டுக்குள் விட்டுவிட வேண்டும். கோட்டு கட்டாயம் முழங்காலுக்குக் கீழே வர வேண்டும், இல்லாவிட்டால் கொசுவத்துக்குள் காற்று புகுந்து குடை மாதிரி விரிக்கும்.

முக்கியமான இடம் விளிம்பு. வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டி, கணுக்கால் வரை வரும் பூட்ஸ் போட்டால், தெருவின் ஈரமும் உப்பும் கரையில் ஒட்டாது. சுரங்க ரயில் நிலையத்து எஸ்கலேட்டர்கள் நீளமானவை, அங்கேயும் இந்த இரண்டு அங்குலம் உதவும். சல்வார் போடுகிறவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. தெர்மல் லெக்கிங்ஸ், நேர்வெட்டு பேன்ட், கம்பளி குர்தா போதும்.

காலணி

கோட்டுக்கு அடுத்துக் காசு போட வேண்டிய இடம் இது. நடக்கும்போது தெரியாத குளிர் நிற்கும்போது தெரியும். கிறிஸ்துமஸ் சந்தையில் கையில் சூடான பஞ்ச் கோப்பையோடு ஒரு மணி நேரம் கல் தரையில் நின்றால் குளிர் முதலில் ஏறி வருவது பாதத்தின் வழியே. மெல்லிய சோல் வைத்த ஸ்னீக்கர், கான்வாஸ் ஷூ இரண்டும் அங்கே தோற்றுவிடும்.

முழங்கால் வரை வரும் பனி பூட்ஸும் வேண்டாம். வியன்னா நடைபாதைகளில் பனியை உடனே வழித்துவிடுவார்கள், வழுக்காமல் இருக்கப் பொடிக் கல்லும் தூவுவார்கள். மியூசியத்துப் பளிங்குத் தரையில் அந்த பூட்ஸில் நடப்பது கொடுமை. நடுவில் இருப்பது சரியான வழி: தடிமனான ரப்பர் சோல் வைத்த தோல் பூட்ஸ். கயிறு இல்லாமல் பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த செல்சி மாடலாக இருந்தால் மாட்டவும் கழற்றவும் சுலபம், பேன்ட்டுக்கும் புடவைக்கும் பொருந்தும். தெருவில் போடும் உப்பு தோலில் வெள்ளைக் கோடு போடும். ராத்திரி ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

அளவு அரை நம்பர் பெரிசாக இருக்கட்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், விரலை அசைக்க இடம், அவ்வளவுதான். பூட்ஸைக் கட்டாயம் ஊரிலேயே வாங்கிப் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். புதுத் தோல் பூட்ஸோடு வியன்னாவின் கல் பாவிய சந்துகளில் முதல் நாள் நடந்தால் இரண்டாம் நாள் ஹோட்டலிலேயே இருக்க வேண்டிவரும்.

தலை, கழுத்து, கை

உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று சொல்வது மிகை. தலை தன் பரப்புக்கு ஏற்ற பங்கைத்தான் இழக்கிறது. ஆனால் காது வலிக்க ஆரம்பித்தால் மற்ற எதுவும் ரசிக்காது. மங்கி குல்லாவைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அது வேலை செய்யும், மறுக்கவில்லை. அதிகாலை ரயிலுக்கு அதைவிட நல்லது இல்லை. போட்டோவில் மட்டும் யார் யாரென்று தெரியாது. காதை மூடும் கம்பளிக் குல்லா, ஒரே நிறம், சின்னம் எதுவும் இல்லாமல். கொண்டை போடுகிறவர்களுக்குக் காதுப் பட்டை வசதி.

கழுத்துக்கு நம்மிடமே நல்லது இருக்கிறது. காஷ்மீர் சால்வையைக் குறுக்கே மடித்து இரண்டு சுற்றுச் சுற்றினால் எந்த ஐரோப்பிய மஃப்ளருக்கும் குறைந்ததில்லை, வேலைப்பாடு வேறு. சுத்தக் கம்பளியா என்று மட்டும் பாருங்கள். பஷ்மினா என்று தெருவில் மலிவாக விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ் என்ற செயற்கை இழை. மேடையில் போர்த்திய பொன்னாடைகளும் பீரோவில் நிறைய இருக்கும், அவை காற்றுக்கு உதவாது.

கையுறையில் பின்னல் வேண்டாம், உள்ளே துணி வைத்த தோல் நல்லது. டிராம் நேரம் பார்க்க, வரைபடம் பார்க்க என்று போனை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், தொடுதிரையில் வேலை செய்யும் விரல்நுனி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். உதட்டுக்கும் கைக்கும் ஏதாவது தடவியே ஆக வேண்டும், ஹீட்டர் காற்று அவ்வளவு வறட்சி. தேங்காய் எண்ணெய் எடுத்துப் போகிறவர்கள் அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது

உள் அடுக்குகளை இங்கேயே வாங்கலாம். விளையாட்டுப் பொருள் கடைகளில் மெரினோவும் பாலியஸ்டரும் ஓரளவு நியாயமான விலையில் கிடைக்கின்றன. குளிர்காலத்தில் நம் ஊர்களில் திபெத்தியர்கள் போடும் ஸ்வெட்டர் கடைகளில் நிறமும் டிசைனும் நன்றாக இருக்கும், ஆனால் நிறைய அக்ரிலிக். உள்ளே போட ஒன்றிரண்டு வாங்கலாம், அதை நம்பி மட்டும் போகக் கூடாது. மெல்லிய டவுன் உள்ஜாக்கெட்டும் இங்கேயே கிடைக்கும்.

கம்பளிக் கோட்டு மட்டும் அங்கே வாங்குவது நல்லது. நம் கடைகளில் தேர்வு குறைவு, இருப்பதிலும் கம்பளி குறைவு. வியன்னாவில் மரியாஹில்ஃபர் ஷ்ட்ராஸேயில் எல்லா விலையிலும் கடைகள் இருக்கின்றன, கிறிஸ்துமஸ் முடிந்ததும் தள்ளுபடி ஆரம்பித்துவிடும். பழைய உடைகளை வாங்கக் கூச்சம் இல்லாதவர்களுக்கு இன்னும் நல்ல வழி இரண்டாம் கைக் கடைகள். அந்தக் கடைகளிலும், சனிக்கிழமை நாஷ்மார்க்ட் பக்கத்தில் கூடும் பழம்பொருள் சந்தையிலும், புதுசுக்குக் கொடுப்பதில் ஒரு பங்கு விலையில் லோடன் கோட்டுகூட மாட்டலாம். லேபிளில் ஷூர்வொல்லே என்று போட்டிருந்தால் புதுக் கம்பளி. ஒரே கடையில் 75 யூரோவுக்கு மேல் வாங்கினால் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும்போது வரியைத் திரும்பப் பெறலாம். பில்லோடு படிவமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுங்கத்தில் பொருளைக் காட்டச் சொல்லலாம் என்பதால் கோட்டைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட வேண்டாம்.

இந்த யோசனைக்கு ஒரே ஆபத்து நாள்காட்டி. ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை துணிக்கடைகள் மூடியிருக்கும். டிசம்பர் 25, 26, ஜனவரி 1 விடுமுறை; 24ஆம் தேதி சீக்கிரமே மூடிவிடுவார்கள். 24 ராத்திரி போய் இறங்கினால் 27 வரை கோட்டு கிடைக்காது, 27 ஞாயிறாக இருந்தால் 28 வரை. அப்படிப்பட்ட தேதியில் போகிறவர்கள் இங்கேயே டவுன் ஜாக்கெட் வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் சரி. இல்லையென்றால் இரவல். நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் அமெரிக்காவோ லண்டனோ போய்வந்தவர் இருப்பார், அவர் வீட்டில் ஒரு கோட்டு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். தோள் அளவு பொருந்தினால் கூச்சப்படாமல் கேளுங்கள். கை நீளத்தையும் கீழ் நீளத்தையும் நல்ல டெய்லர் குறைத்துவிடுவார், தோளை அவ்வளவு சுலபத்தில் மாற்ற முடியாது.

திரும்பி வந்த பிறகு கம்பளிக் கோட்டுக்குச் சென்னை ஆகாத ஊர். ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும், அந்துப்பூச்சி துளை போடும். வந்ததும் டிரை கிளீனிங்குக்குக் கொடுத்து, பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, பருத்தித் துணி உறையில் போட்டு, அந்துருண்டையோடு அகலமான தோள் ஹேங்கரில் மாட்டி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விட வேண்டும். டவுன் ஜாக்கெட்டை அது வந்த சின்னப் பைக்குள்ளேயே சுருட்டி வருடக்கணக்கில் வைக்காதீர்கள், இறகு நசுங்கி மறுபடி உப்பாது. அதையும் கோட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள்.